200 ப்ரோவா, 210-ஆ, கேஎல்எக்ஸா, எண்டூரோ ஆரா: புது மாடலில் மண்ணைத் தொட்ட மாற்றம் எது?

என் அக்கா மகன் வத்தலகுண்டில் இருக்கிறான். வயது 24, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வாரம் முழுக்க திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தாண்டிக்குடிப் பக்கம் தெரிந்தவர்களின் காப்பித் தோட்டத்துப் பாதைகளில் ஏறி இறங்குகிறான். இத்தனை நாள் பழைய கம்யூட்டர் வண்டியிலேயே அதைச் செய்தவன், இப்போது ஒரு நல்ல ஆஃப்-ரோடு வண்டி எடுக்கப் பணம் சேர்த்துவிட்டான். "மாமா, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 புதுசு, 200 பழசு. புதுசை எடுக்கிறதுதானே சரி?" என்று போனில் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொன்னதை எல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறைய பேர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்டூரோ என்று உலகம் சொல்வது நூறு கிலோவை ஒட்டிய எடையில் வரும் வண்டிகளை. கேடிஎம் அந்த வகையில் 350 இஎக்ஸ்சி-எஃப் வண்டியை 2024 நவம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அப்போது விலை 12.96 லட்சம். நம்பர் பிளேட் கிடையாது, சாலையில் ஓட்ட முடியாது. டிரக்கில் ஏற்றித்தான் மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது கதைக்கு ஆகாது. நம்பர் பிளேட்டோடு ஓட்டிக்கொண்டே போய், மண்ணில் இறங்கி, மறுபடி ஓட்டிக்கொண்டே வீடு திரும்புகிற வண்டிதான் தேவை. அந்த வகையில் நான்கை எடுத்துக்கொள்ளலாம்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ, எக்ஸ்பல்ஸ் 210, கவாசாகி கேஎல்எக்ஸ் 230, கேடிஎம் 390 எண்டூரோ ஆர். நான்கிலும் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல சக்கரம். அதனால் சக்கர அளவை வைத்து இவற்றைப் பிரிக்க வேண்டிய வேலை இல்லை.

ஒவ்வொரு ஆண்டும் "புது மாடல்" என்று வரும்போது விளம்பரத்தில் முன்னால் நிற்பது கலர் திரையும் குதிரைத்திறனும்தான். நான் பார்ப்பது வேறு. காலுக்கும் தரைக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது? சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்குகிறது, எஞ்சினுக்கு அடியில் எவ்வளவு இடம், வண்டியின் எடை, கால் வைக்கிற ஃபுட்பெக் எங்கே இருக்கிறது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்க முடிகிறதா. மண்ணில் இறங்கிய பத்தாவது நிமிஷம் கைக்கும் காலுக்கும் தெரிவது இவைதான்.

எக்ஸ்பல்ஸ் 200-லிருந்தே தொடங்குகிறேன். மாடல் மாற்றம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வண்டி இல்லை. 2019-ல் வந்தபோது இரண்டு வால்வு எஞ்சின். 2021 அக்டோபரில் நான்கு வால்வு ஆனது (பெயரில் உள்ள 4வி அதுதான்), சக்தி 19.1 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். சாலையில் போகிறவனுக்கு அது தெரிந்தது, மண்ணில் போகிறவனுக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உண்மையான மாற்றம் 2022-ல் ராலி எடிஷனாக வந்தது. முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டரிலிருந்து 250-க்கும், பின்னால் 170-லிருந்து 220-க்கும் போனது. எஞ்சினுக்கு அடியில் இருந்த 220 மி.மீ. இடைவெளி 270 ஆனது. எஞ்சின் அதேதான், வண்டியோ வேறாகிவிட்டது. 2023-ல் அதுவே "ப்ரோ" என்ற பெயரில் வழக்கமான மாடலாக நின்றது. கூடவே சாலை, ஆஃப்-ரோடு, ராலி என மூன்று ஏபிஎஸ் முறைகள் வந்தன. ராலியில் வைத்தால் ஏபிஎஸ் முழுக்க விலகிக்கொள்ளும். அதே ஆண்டு ஃபுட்பெக்கைக் கீழே இறக்கிக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்கள். யாரும் பெரிதாகப் பேசாத மாற்றம் இது. நின்றுகொண்டு ஓட்டிப் பாருங்கள், முதுகு உடனே நன்றி சொல்லும்.

சரி, 210-க்கு வருவோம். 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டி, 2025 ஜனவரியில் இங்கே விலை சொன்னார்கள்: 1.76 லட்சத்தில் ஒன்று, கலர் திரையோடு 1.86 லட்சத்தில் இன்னொன்று. எஞ்சின் முற்றிலும் புதியது. தண்ணீர்க் குளிர்ச்சி, இரட்டை கேம், 24.6 பிஎஸ், ஆறு கியர். சாலையில் 200-க்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் பெரியது. 200-ல் எண்பதைத் தாண்டினால் எஞ்சின் உழைப்பது காலில் அதிரும்; ஆறாவது கியர் இல்லாத குறை அங்கேதான் தெரியும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு 210 உண்மையான முன்னேற்றம்.

ஆனால் மண்ணுக்கான கணக்கை எடுத்துப் பாருங்கள். 210-ன் சஸ்பென்ஷன் முன்னால் 210 மி.மீ., பின்னால் 205. எஞ்சினுக்கு அடியில் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், 220. சாதாரண 200 4வி-யோடு வைத்தால் இது நல்ல ஏற்றம். ப்ரோவோடு வைத்தால் முன்னால் 40 மி.மீ. குறைவு, பின்னால் 15 குறைவு, வயிற்றுக்கு அடியில் 50 மி.மீ. குறைவு. எடையும் கூடியிருக்கிறது: ப்ரோ 161 கிலோ, 210-ல் 168-லிருந்து தொடங்குகிறது. ஒரு விரல் நீளத்துக்கும் குறைவான அந்த 50 மி.மீ.தான், மழை அரித்த தோட்டப் பாதையில் நடுவே நிற்கும் கல்லை வண்டி தாண்டிப் போகுமா, எஞ்சினுக்கு அடியில் காவலாக இருக்கும் பேஷ் பிளேட்டில் "டங்" என்று வாங்குமா என்பதைத் தீர்மானிக்கும். ஆக "210 புதுசு, 200 பழசு" என்பது பாதி உண்மை. எஞ்சினில் 210 புதுசு. கால்களில் ப்ரோதான் இன்னும் மேலே.

தண்ணீர்க் குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து போகும்போது ரேடியேட்டர் இருக்கும் எஞ்சின் சூட்டைத் தாங்கும். அது நல்லது. அதே ரேடியேட்டர் வண்டி விழும்போது கல்லில் படக்கூடிய இடத்திலும் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் அங்கேயே பயணம் முடிந்தது. 210 எடுத்தாலும் எண்டூரோ ஆர் எடுத்தாலும் ரேடியேட்டருக்கு ஒரு காவல் கம்பி போடாமல் மலை ஏற வேண்டாம். ஆயில் கூலரோடு வரும் 200-க்கும், வெறும் காற்றிலேயே குளிரும் கேஎல்எக்ஸுக்கும் இந்தக் கவலை குறைவு.

கேஎல்எக்ஸ் 230-ஐப் பொறுத்தவரை வண்டியை விட விலைதான் பெரிய அப்டேட். 2024 டிசம்பரில் 3.30 லட்சத்துக்கு வந்தபோது, 18 பிஎஸ் வண்டிக்கு இவ்வளவு பணமா என்று எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நானும்தான். அடுத்த ஆண்டே இங்கே தயாரிக்கத் தொடங்கி, விலையை இரண்டு லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒரே ஆண்டுக்குள், "பணக்காரர் பொம்மை" என்று ஒதுக்கிய வண்டி எக்ஸ்பல்ஸ் 210-க்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. 2024-ல் எழுதிய ஒப்பீடுகளைப் படித்துவிட்டு இன்றும் இதை ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை ஷோரூம் போய் இன்றைய ஆன்-ரோடு விலையைக் கேளுங்கள்.

அதன் எடை 139 கிலோ. ப்ரோவை விட 22 கிலோ குறைவு, எண்டூரோ ஆரை விட 38 கிலோ குறைவு. 2024-ல் வந்த மாடலில் சஸ்பென்ஷன் முன்னால் 240, பின்னால் 250. கிளியரன்ஸ் 265. சக்தி 18.1 பிஎஸ்தான், ப்ரோவின் 18.9-ஐ விடவும் கம்மி. ஆனால் பத்து கிலோவுக்கு எவ்வளவு சக்தி என்று வகுத்துப் பார்த்தால் கேஎல்எக்ஸ் 1.30, ப்ரோ 1.17. அதாவது காகிதத்தில் பலவீனமான வண்டி மண்ணில் பலமான வண்டி. இழுவிசை 18.3 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 6400 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. 210-ல் 20.7 வரும், ஆனால் 7250 வரை முறுக்க வேண்டும். வழுக்கும் ஏற்றத்தில் முறுக்க முறுக்கப் பின்சக்கரம் சுழலத்தான் செய்யும். கீழ்ச்சுற்றில் இழுக்கிற எஞ்சின்தான் மேலே கொண்டுபோகும்.

எடை எடை என்று ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்? போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய ஒரு தோட்டத்துப் பாதை. செம்மண் மேலே பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், டயர் பட்டதும் தோல் உரிந்து உள்ளே களி. 170 கிலோவை ஒட்டிய ஒரு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் ஒரு வேரில் ஏறிச் சறுக்க, எஞ்சின் நின்று, வண்டி பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. சரிவில் கீழ்ப்பக்கம் சாய்ந்த வண்டியைத் தூக்குவது போல ஒரு வேதனை கிடையாது. ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, முதுகை சீட்டுக்குக் கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் நடக்க வேண்டும். ஊன்றினால் குதிகால் வழுக்குகிறது. பெட்ரோல் வாசனை, சைலன்சரின் சூடு தொடையில், அட்டை ஒன்று காலுறைக்குள். முதல் முறை பாதி தூக்கிவிட்டேன், இரண்டாம் முறை கால்வாசி. நான்காம் முறை கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மிளகுக்குக் கவாத்து செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "தம்பி, முதல்ல வண்டிய சுத்தி மேட்டுப் பக்கம் தலையைத் திருப்பு" என்று சொல்லி, பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்துத் திருப்பினார். அப்புறம்தான் எழுந்தது. அன்று முழுக்க விழுந்தது மூன்று முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு எனக்கு ஓட்டுகிற ஆசையே போய்விட்டது. நாள் எவ்வளவு நேரம் நீளும் என்பதை அன்று அந்த எடைதான் முடிவு செய்தது. தனியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

கேஎல்எக்ஸுக்குக் குறைகள் உண்டு. பெட்ரோல் டேங்க் 7.6 லிட்டர். லிட்டருக்கு 30 என்று வைத்தாலும் 228 கிலோமீட்டர்தான். எக்ஸ்பல்ஸ் இரண்டிலும் 13 லிட்டர். மலை மேலே பங்க் எங்கே எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் கேஎல்எக்ஸோடு கிளம்ப வேண்டும். அடுத்தது சர்வீஸ். கவாசாகி ஷோரூம் பெரிய நகரங்களோடு நின்றுவிடுகிறது. கிளட்ச் லீவர் உடைந்தால் என் அக்கா மகன் வத்தலகுண்டிலிருந்து பஸ் ஏறித்தான் வாங்கி வர வேண்டும், அல்லது வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். ஹீரோவுக்கு அந்தத் தொல்லை இல்லை; சின்ன ஊரிலும் கடை இருக்கிறது, 200-ன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். விழுந்து எழுகிற விளையாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

மூன்றாவது, சீட் உயரம். கேஎல்எக்ஸ் 880 மி.மீ., ப்ரோ 891. 210-ல் 830. ஐந்தடி ஐந்து அங்குலக்காரனுக்கு 880 என்றதும் பயம் வரும். நியாயமான பயம்தான். ஆனால் இந்த எண்கள் ஆள் ஏறாத வண்டிக்கு உரியவை. நீளமான சஸ்பென்ஷன், ஆள் உட்கார்ந்ததும் நன்றாக அமுங்கும். இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை ஊன்றினால் போதும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இங்கேயும் எடைதான் உதவிக்கு வருகிறது. 139 கிலோ வண்டி கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு காலால் பிடித்துவிடலாம். 161 கிலோவில் 891 மி.மீ. உயரத்தில் அதே சாய்வு வந்தால் பெரும்பாலும் வண்டி தரைக்குத்தான் போகும். நான்கில் குள்ளமானவர்களுக்கு மிகச் சிரமமானது ப்ரோதான் என்று தயங்காமல் சொல்வேன்.

கேடிஎம் 390 எண்டூரோ ஆர் 2025 ஏப்ரலில் 3.37 லட்சத்துக்கு வந்தது. 399 சிசி எஞ்சின், 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர். ப்ரோவை விட இரண்டு மடங்குக்கும் மேல். எடை 177 கிலோ. வெளிநாடுகளில் விற்பதற்கு 230 மி.மீ. சஸ்பென்ஷன் வைத்துவிட்டு, இங்கே முன்னால் 200, பின்னால் 205 என்று குறைத்துக் கொடுத்தார்கள். சீட் 890-லிருந்து 860-க்கு இறங்கியது. கிளியரன்ஸும் 253-ஆகக் குறைந்தது. நம் ஊர் ஆட்களின் உயரத்தை நினைத்துச் செய்திருக்கலாம், ஆனால் எண்டூரோ என்று பெயர் வைத்த வண்டியின் காலை வெட்டியது எனக்கு உறுத்தியது. ஆர்வலர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு 230 மி.மீ. மாடலையும் 3.54 லட்சத்துக்கு இங்கேயே கொண்டுவந்தார்கள். எண்டூரோ ஆர் எடுப்பதாக இருந்தால் அந்த நீள சஸ்பென்ஷன் மாடலைத்தான் எடுக்க வேண்டும். 17 ஆயிரத்தை மிச்சம் பிடித்துக் குட்டை மாடலை எடுத்துவிட்டு, பின்னால் சஸ்பென்ஷனை மாற்றப் போனால் அதைப் போலப் பல மடங்கு செலவாகும்.

இந்த வண்டி யாருக்கு? சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் நூறில் போய், மண்ணில் இறங்கி, திரும்பி வருகிறவருக்கு. ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் சின்ன வண்டியில் விழுந்து பழகியவருக்கு. வழுக்கும் மண்ணில் 46 பிஎஸ்ஸை வலது மணிக்கட்டால் அளந்து கொடுக்கத் தெரிய வேண்டும். தெரியாதவருக்கு அது வண்டியின் குறை ஆகாது, ஆனால் விழுவது அவர்தான். டேங்க் 9 லிட்டர்தான் என்பதையும், 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 சதவீதம் ஆனது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வரி மாற்றம் 210, கேஎல்எக்ஸ் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கிடைத்த பரிசு. எண்டூரோ ஆருக்கு எதிர்க்காற்று.

ஏபிஎஸ்ஸில் ஒரு சின்ன வித்தியாசம். 200-ல் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். 210-ல் இரண்டுக்கும் உண்டு, தேவையானபோது மாற்றிக்கொள்ளலாம். இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவிட்டுத் திருப்புவது மண்ணின் அடிப்படைப் பாடம். ஏபிஎஸ் போட்டபடி மண் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வண்டி எடுத்த அன்றே அந்த பட்டனை எங்கே, எப்படி அழுத்த வேண்டும் என்று டெலிவரி கொடுப்பவரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே இரண்டு முறை செய்து பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு அவன் கேட்டான், "அப்ப எனக்கு எது மாமா?" அவன் இடத்தில் நான் இருந்தால் கேஎல்எக்ஸ்தான் எடுப்பேன் என்று முதலில் வாயில் வந்தது. பிறகு அவன் வாரத்தை எண்ணிப் பார்த்தேன். ஆறு நாள் திண்டுக்கல் சாலை, ஒரு நாள் மலை. வீட்டில் வேறு வண்டி இல்லை. பக்கத்தில் கவாசாகி சர்வீஸ் இல்லை. அவனுக்கு 210. 830 மி.மீ. சீட் அவன் காலுக்குப் பொருந்தும், ஆறாவது கியர் தினமும் உழைக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பாதைகளுக்கு 210 மி.மீ. சஸ்பென்ஷன் போதும். கலர் திரைக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்க வேண்டாம், அடிப்படை மாடலையே எடு என்றேன். கல்லும் பள்ளமும் நிறைந்த பாதையில் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்குப் போக வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று இருந்து, மண்ணுக்கென்று தனியாக இரண்டாவது வண்டி தேடுகிறவர்களுக்கு என் பதில் கேஎல்எக்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் உயரம், சின்ன ஊர், கையில் எண்ணிய பணம் என்றால் 200 4வி ப்ரோ இன்றும் சரியான வண்டி. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு ராலி எடிஷன் பழைய விலைக்குக் கிடைத்தாலும் விடாதீர்கள். வாங்குமுன் முன்ஃபோர்க்கின் சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பேஷ் பிளேட்டைக் குனிந்து பாருங்கள், வண்டி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அதுவே சொல்லும்.

எது எடுத்தாலும் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானை நடமாடும் பாதையில் சைலன்சர் சத்தத்தோடு போவது அதற்கும் தவறு, நமக்கும் ஆபத்து. பட்டா நிலம், தெரிந்தவர் தோட்டம், பயிற்சிக்கென்று இருக்கும் தனியார் மண் தடங்கள், இவை போதும்.

அக்கா மகன் 210-க்கு முன்பணம் கட்டிவிட்டான். திரைக்குப் போகாமல் மிச்சமான பத்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி போன் செய்தான். முழங்காலுக்குக் காப்பும், கணுக்காலை மூடுகிற பூட்ஸும் முதலில் வாங்கு, டயரைக் கம்பெனி டயர் தேயும் வரை ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அளவு பார்க்க மதுரைக்கு இருவரும் போகிறோம்.